சோறிட்ட நிலம்

நுழையும்முன்

ஒரு நாட்டின் வரலாறு பெரும்பாலும் அதன் தலைநகரிலிருந்தே எழுதப்படுகிறது. அரண்மனையில் பரிமாறப்பட்ட சோறு எந்த வயலில் விளைந்தது, அதை விளைவித்தவர் என்ன உண்டார் என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. கொரிய நாட்டின் நெற்களஞ்சியமாகப் பல நூற்றாண்டுகள் விளங்கிய மாகாணம் ஜொல்லா. நாடு அதன் நெல்லை விரும்பி ஏற்றது. அதன் மக்களையோ பலமுறை ஐயத்துடன் நோக்கியது. அம்மண்ணின் நிலவியலையும் வரலாற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

பெயர் பிறந்த வகை

கொரியத் தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில் அமைந்த நிலப்பரப்பு ஜொல்லா. கொரிய மொழியில் ‘தோ’ என்பது மாகாணத்தைக் குறிக்கும் சொல். ஆகவே இதன் முழுப்பெயர் ‘ஜொல்லாதோ’. ஜோசொன் அரசமரபு 1413ஆம் ஆண்டு நாட்டை எட்டு மாகாணங்களாக வரையறுத்தது. அவற்றுள் பலவற்றின் பெயர்கள், இரண்டு முதன்மையான ஊர்ப்பெயர்களின் முதலெழுத்துகளை இணைத்து ஆக்கப்பட்டவை. ஜொல்லா என்னும் பெயரோ ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் மூத்தது. கோர்யோ அரசமரபின் மன்னர் ஹியொன்ஜோங், 1018ஆம் ஆண்டு அதுவரை இரண்டாக இருந்த ஆட்சிப் பகுதிகளை ஒன்றாக்கினார். வடக்கிலிருந்த ஜொன்ஜு, தெற்கிலிருந்த நாஜு ஆகிய இரு நகரங்களின் பெயர்களையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டார்.

‘ஜொன்’, ‘நா’ இரண்டும் சேர்ந்து எவ்வாறு ‘ஜொல்லா’ ஆயின? நாஜுவின் முதலெழுத்துக்கு உரிய ஒலி ‘ரா’. தென்கொரிய வழக்கில் இத்தகைய சொற்களின் முதலில் ரகரம் நில்லாது. எனவே அது ‘நா’ என ஒலிக்கிறது. ‘ஜொன்’ என்பதை அடுத்து ‘ரா’ வரும்போது மெய்கள் திரிந்து லகரம் இரட்டிக்கிறது. மொழிமுதலில் ரகரம் வாராது என்பதையும், புணர்ச்சியில் மெய் திரியும் என்பதையும் கற்ற தமிழ் மாணவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. (இவ்வொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு இருமொழிகளுக்கும் உறவு கற்பித்தல் பொருந்தாது.)

நாஜு இப்பெயரில் இடம்பெற்றதற்கு ஒரு பின்னணி உண்டு. 1010ஆம் ஆண்டு வடக்கிலிருந்து கித்தானியர் படையெடுத்துத் தலைநகரை நெருங்கினர். இளைஞரான ஹியொன்ஜோங் தெற்கு நோக்கி ஓடினார். 1011இல் அவருக்குப் புகலிடம் தந்தது நாஜு. ஏழாண்டுகளுக்குப் பின்னர் அம்மன்னரின் ஆட்சியில்தான் அவ்வூரின் பெயர் மாகாணத்தின் பெயருக்குள் நுழைந்தது.

இம்மாகாணம் 1896இல் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தென்கடலில் உள்ள ஜெஜு தீவு 1946 வரை ஜொல்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. 2024இல் இந்நிலப்பரப்பு தெற்கு ஜொல்லா, குவாங்ஜு பெருநகரம், அவ்வாண்டு தனித் தன்னாட்சி பெற்ற வடக்கு ஜொல்லா என மூன்று ஆட்சிப் பிரிவுகளாக இருந்தது. எனினும் பெயர் சூட்டப்பட்ட ஆயிரமாவது ஆண்டை 2018இல் மூன்றும் இணைந்தே கொண்டாடின.

சமவெளியும் சேற்றுநிலமும்

கொரியா மலைகள் மிகுந்த நாடு. அந்நாட்டில் எங்கு நின்று நோக்கினாலும் பார்வையை ஒரு மலைத்தொடர் மறிக்கும். விதிவிலக்கு, வடக்கு ஜொல்லாவின் கிம்ஜே பகுதி. அங்கு நெல்வயல்களின் விளிம்பில் வானம் நிலத்தைத் தொடும் காட்சியைக் காணலாம். அத்தொடுவானத்தின் பெயராலேயே அவ்வூரார் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றனர் என்றால், அந்நாட்டில் சமநிலம் எத்துணை அரியது என்பது விளங்கும்.

மான்கியொங், தோங்ஜின் என்னும் இரு சிற்றாறுகள் படிவித்த வண்டல் நிலம் அது. தெற்கே யொங்சான் ஆறு நாஜு சமவெளியை வளப்படுத்தி மேற்குக் கடலில் கலக்கிறது. கிழக்கெல்லையில் சோபெக் மலைத்தொடர் உயர்ந்து நிற்கிறது. அதன் தென்கோடியில் உள்ள ஜிரி மலை 1,915 மீட்டர் உயரமுடையது. தென்கொரியப் பெருநிலப்பரப்பின் மிக உயர்ந்த சிகரம் அதுவே. மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கு நோக்கிப் பாய்வது சொம்ஜின் ஆறு.

மேற்கிலும் தெற்கிலும் கடல். கடற்கரைக்கோடு மிகவும் வளைந்து நெளிந்தது. தென்மேற்கில் உள்ள சினான் என்னும் ஒரு வட்டத்திற்குள் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் அடங்கும். மஞ்சள் கடலின் ஓதம் மிக உயர்ந்து பெருகிப் பின் நெடுந்தொலைவு வற்றும். நீர் வற்றும்போது பரந்து வெளிப்படும் சேற்றுநிலத்தில் சிப்பியும் நண்டும் ஆக்டோபசும் சேகரித்துக் கடற்கரைப் பெண்கள் வாழ்க்கை நடத்தி வந்துள்ளனர். உப்பளங்களும் கடற்பாசி வளர்ப்பும் இக்கரையின் பிற தொழில்கள். வடபுலத்திலிருந்து தென்புலம் செல்லும் வலசைப் பறவைகளுக்கும் இச்சேறே இடைவழி உணவுக்கூடம். இக்கரையின் சில பகுதிகளை உள்ளடக்கிய கொரியச் சேற்றுநிலங்களை 2021இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அறிவிப்பு வருமுன்பே ஒரு பேரிழப்பு நிகழ்ந்திருந்தது. மான்கியொங், தோங்ஜின் ஆறுகள் கடலில் கலக்கும் செமான்கும் என்னுமிடத்தில், கடலை அடைத்து நிலமாக்கும் திட்டம் 1991இல் தொடங்கியது. 33.9 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடைப்புச் சுவர் 2010இல் நிறைவுற்றது. உலகின் மிக நீண்ட கடலடைப்பு என்னும் பெருமை அதற்குக் கிடைத்தது. அதற்குப் பின்புறம் பரந்த சேற்றுநிலம் காய்ந்தது, சிப்பிகள் மடிந்தன, பறவைகள் வருவது குறைந்தது. திட்டம் வகுக்கப்பட்டபோது கூறப்பட்ட நோக்கம், மேலும் நெல் விளைவித்தல் என்பதாகும். சுவர் எழுந்து முடிவதற்குள் நாட்டு மக்கள் அரிசி உண்பதே குறைந்துபோயிற்று என்பது காலத்தின் முரண்.

ஏரியும் வரிநெல்லும்

நெல்லுக்கு முற்பட்ட மாந்தர் வாழ்வின் தடயங்களும் இங்கு உண்டு. கோசாங், ஹ்வாசுன் ஆகிய இடங்களில் நூற்றுக்கணக்கான கல்திட்டைகள் மலைச்சரிவுகளில் வரிசையாக நிற்கின்றன. இறந்தோரைப் புதைத்த இடத்தில் பெரும்பாறைகளை நகர்த்தி எழுப்பப்பட்ட அவை, 2000ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களாயின. பின்னர் மாஹன் என்னும் சிற்றரசுகளின் கூட்டமைப்பும், அதனைத் தொடர்ந்து பெக்ஜே அரசும் இந்நிலத்தை ஆண்டன.

கிம்ஜேயில் பியொக்கொல்ஜே என்னும் பழைய ஏரிக்கரை உள்ளது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்திற்கு மண்கரை எஞ்சியிருக்கிறது. மதகுகளின் கற்றூண்கள் இரண்டிடங்களில் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. கொரியாவின் மிகப் பழைய நீர்நிலைகளுள் ஒன்றான இது, 330ஆம் ஆண்டு கட்டப்பட்டதாக ‘சாம்குக் சாகி’ என்னும் பழைய வரலாற்று நூல் குறிப்பிடுகிறது. அக்குறிப்பு, கிழக்கே இருந்த சில்லா அரசின் வரலாற்றுப் பகுதியில் காணப்படுகிறது. ஏரி இருக்கும் இடமோ அக்காலத்தில் சில்லாவுக்கு உரியதன்று. வென்றவர் எழுதிய வரலாற்றில் தோற்றவரின் ஏரியும் வென்றவர் கணக்கில் சேர்ந்துவிடுவது உண்டு. வரலாற்று நூல்களைக் கற்போர் இதனை நினைவிற்கொள்ளுதல் நலம்.

ஜொல்லாவுக்கு ‘ஹோனாம்’ என்றொரு மறுபெயரும் உண்டு. ‘ஏரிக்குத் தெற்கே’ என்பது அதன் பொருள். அவ்வேரி பியொக்கொல்ஜேயே என்பர் ஒரு சாரார். வடக்கே ஓடும் கும் ஆற்றையே அச்சொல் சுட்டுகிறது என்பர் மற்றொரு சாரார்.

விளைந்த நெல் விளைந்த இடத்தில் தங்கவில்லை. மலைவழியே மூட்டைகளைச் சுமந்து செல்வது கடினம் என்பதால், வரிநெல் ஆற்றங்கரை, கடற்கரைக் களஞ்சியங்களில் சேர்க்கப்பட்டு, கப்பல்களில் மேற்குக் கடல் வழியாகத் தலைநகருக்குச் சென்றது. வழியில் தேயான் கடற்பகுதி பாறைகளும் நீரோட்டங்களும் நிறைந்தது. அங்கு மூழ்கிய கப்பல்கள் பல. அவற்றுள் ஒன்றைத் தொல்லியலாளர் அண்மைக்காலத்தில் அகழ்ந்தெடுத்தனர். 1208ஆம் ஆண்டு மூழ்கிய அக்கப்பல், நாஜு, ஹெனாம், ஜாங்ஹுங் என்னும் ஜொல்லா ஊர்களிலிருந்து தலைநகருக்குச் சென்றுகொண்டிருந்தது. சேற்றில் புதைந்த சரக்கோடு மரச்சீட்டுகளும் மூங்கிற்சீட்டுகளும் கிடைத்தன. எந்த ஊரிலிருந்து, யாருக்கு, என்ன பொருள், எவ்வளவு என்பவை அவற்றில் மையினால் எழுதப்பட்டிருந்தன. அரிசியும் பிற தானியங்களும் மீனில் ஊறவைத்த உப்புக்கலவையும் அதிகாரிகளின் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டதை அச்சீட்டுகள் எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் தெளிவாகக் கூறுகின்றன.

எட்டாம் அறிவுரை

பெக்ஜே அரசு 660இல் வீழ்ந்தது. எனினும் அதன் நினைவு அழியவில்லை. 900ஆம் ஆண்டு கியொன் ஹ்வொன் என்னும் படைத்தலைவர் ஜொன்ஜுவைத் தலைநகராக்கி, பெக்ஜேயை மீட்டெடுப்பதாக அறிவித்து முடிசூடினார். அவ்வரசு 936 வரை நிலைத்தது. அதனை வீழ்த்திக் கொரியாவை ஒன்றாக்கியவர் கோர்யோவின் முதல் மன்னர் வாங் கொன்.

வாங் கொன் 943இல் தம் வழித்தோன்றல்களுக்கு விட்டுச்சென்றதாகப் பத்து அறிவுரைகள் வழங்குகின்றன. அவற்றுள் எட்டாவது, கும் ஆற்றுக்குத் தெற்கே வாழ்வோரை அரசுப் பணிகளில் அமர்த்தலாகாது என எச்சரிக்கிறது. அங்குள்ள மலைகளும் ஆறுகளும் தலைநகருக்கு எதிர்த்திசையில் ஓடுவதால் மக்களின் மனமும் அவ்வாறே இருக்குமாம்! ஆறு ஓடும் திசையை மக்களின் மேல் குற்றமாகச் சுமத்தும் இக்கருத்தின் உண்மைத்தன்மையை ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். வாங் கொன்னின் துணைவியருள் ஒருவர் நாஜுவைச் சேர்ந்தவர். அவர் பெற்ற மகனே கோர்யோவின் இரண்டாம் மன்னர். அத்தகையவர் இவ்வாறு எழுதியிருப்பாரா என்பது அவர்கள் எழுப்பும் வினா. பிற்காலத்தார் இடைச்செருகியது என்பாரும் உளர். யார் எழுதியிருப்பினும், ஜொல்லா மக்களை நம்பலாகாது எனக் கருதியோர்க்கு ஆயிரம் ஆண்டுகளாக ஒரு மேற்கோள் கிடைத்துவிட்டது.

போர்க்காலத்தில் காக்கப்பட்ட ஏடுகள்

1592இல் ஜப்பானியப் படை கொரியாவின் தென்கிழக்குக் கரையில் இறங்கியது. ஏறத்தாழ இருபது நாள்களில் தலைநகர் வீழ்ந்தது. மன்னர் வடக்கு நோக்கி ஓடினார். நாடே சிதறிய அவ்வேளையில் ஜொல்லா மட்டும் பகைவரின் கைப்படாமல் இருந்தது. காரணம் ஜொல்லாவின் கடற்படை. யொசு துறையில் கடற்படைத் தலைவராக 1591இல் பொறுப்பேற்றிருந்த யி சுன்-சின், பகைவர் மேற்குக் கடலுக்குள் நுழைந்துவிடாதபடி அடுத்தடுத்த போர்களில் அவர்தம் கப்பல்களை அழித்தார். கடல்வழி அடைபட்டதால் வடக்கே சென்ற ஜப்பானியப் படைக்கு உணவு செல்லவில்லை. தரைவழியே ஜொல்லாவுக்குள் நுழைய முயன்றோரை மலைக்கணவாய்களில் படைவீரரும் தன்னார்வலரும் தடுத்தனர். ஜொல்லா காக்கப்பட்டதனாலேயே நாடு எஞ்சியது என்னும் கருத்தை, 1593இல் எழுதிய மடல் ஒன்றில் யி சுன்-சின் குறித்துள்ளார். வயல் பகைவர் வசமாகியிருந்தால் படைக்குச் சோறில்லை என்பதை அறிந்தவர் அவர்.

அப்போரில் ஜொல்லா காத்தது நெல்லை மட்டுமன்று. ஜோசொன் அரசமரபின் ஒவ்வொரு மன்னர் காலத்து நிகழ்வுகளும் ‘சில்லோக்’ என்னும் குறிப்பேடுகளாக எழுதப்பட்டு, நான்கு ஊர்களில் ஒவ்வொரு படி வைக்கப்பட்டிருந்தது. போர்த்தீயில் மூன்று படிகள் எரிந்தன. எஞ்சியது ஜொன்ஜுவில் இருந்த படி. அதைக் காத்தவர்கள் படைத்தலைவர்கள் அல்லர்; தேயின் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஆன் உய், சோன் ஹோங்-ரோக் என்னும் இரு கல்வியாளர்கள். ஒருவர் அறுபதைக் கடந்தவர். மற்றவர் ஐம்பதைக் கடந்தவர். இருவரும் எண்ணூறு தொகுதிகளுக்கு மேற்பட்ட ஏடுகளைச் சுமையேற்றி நேஜாங் மலையின் குகைக்குக் கொண்டுசென்று, ஓராண்டுக்கு மேல் முறைவைத்துக் காவலிருந்தனர். யார் எந்த நாளில் காவல் இருந்தார் என்பதையும் எழுதி வைத்தனர். இன்று ஜோசொன் மரபின் முதல் இருநூறு ஆண்டு வரலாற்றை உலகம் படிக்க முடிகிறதென்றால், அதற்கு அம்முதியோர் இருவரின் உழைப்பே காரணம். அக்குறிப்பேடுகளை 1997இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

1597இல் ஜப்பானியர் மீண்டும் வந்தனர். முதற்போரில் தப்பிய ஜொல்லாவே இம்முறை அவர்களின் முதல் இலக்கு. நாம்வொன் கோட்டை வீழ்ந்தது. அங்கிருந்து மட்பாண்டக் கலைஞர்கள் சிறைபிடிக்கப்பட்டு ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பொய்க்குற்றம் சாட்டப்பட்டுப் பதவியிழந்திருந்த யி சுன்-சினை அரசு மீண்டும் அழைத்தபோது, அவரிடம் எஞ்சியிருந்தவை 13 போர்க்கப்பல்களே. பெருநிலத்துக்கும் ஜிந்தோ தீவுக்கும் இடையே உல்தோல்மோக் என்னும் குறுகிய நீரிணை உண்டு. ஓதம் மாறும்போது நீர் அங்கே பேரொலியுடன் சுழித்து ஓடும். அவ்வோட்டத்தின் நேரம் அறிந்து நின்று, நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பகைக்கப்பல்களை அவர் திருப்பியனுப்பினார். கரையோர மக்கள் தம் படகுகளுடன் அவருக்குத் துணைநின்றனர்.

தொலைவுக்கு அனுப்பப்பட்டோர்

தலைநகரிலிருந்து தொலைவில் இருந்ததால், அரசின் சினத்துக்கு ஆளான அறிஞர்களை அனுப்பிவைக்கும் இடமாகவும் ஜொல்லா பயன்பட்டது. 1801இல் கத்தோலிக்கர்மீது ஒடுக்குமுறை ஏவப்பட்டபோது ஜொங் யாக்-யோங், ஜொங் யாக்-ஜொன் என்னும் உடன்பிறப்புகள் தண்டிக்கப்பட்டனர். இருவரும் நாஜுவரை ஒன்றாக நடத்திச் செல்லப்பட்டனர். அங்கொரு வழிப்போக்கர் விடுதியில் ஓரிரவு தங்கிப் பிரிந்தனர். அதன்பின் அவர்கள் ஒருவரையொருவர் காணவே இல்லை.

மூத்தவரான யாக்-ஜொன், மேற்குக் கடலில் உள்ள ஹுக்சான் தீவுக்குச் சென்றார். அரசவைக் கல்வி அங்கு எதற்கும் பயன்படவில்லை. அவர் மீனவரிடம் கற்கத் தொடங்கினார். ஜாங் சாங்-தே என்னும் தீவு இளைஞரின் துணையுடன் அக்கடலின் மீன், நண்டு, சிப்பி, பாசி ஆகியவற்றின் பெயரும் உருவும் சுவையும் பயனும் தொகுத்து 1814இல் ‘ஜாசான் ஒபோ’ என்னும் நூலை எழுதினார். தமக்குக் கற்பித்த இளைஞரின் பெயரை அந்நூலில் மறவாமல் குறித்தார். இரண்டாண்டுகளில் தீவிலேயே இறந்தார்.

இளையவரான யாக்-யோங் கடற்கரை ஊரான காங்ஜினில் பதினெட்டு ஆண்டுகள் தங்க நேர்ந்தது. தொடக்கத்தில் அவருக்கு இடங்கொடுக்கவே ஊரார் அஞ்சினர். சாராயக்கடை நடத்திய முதிய பெண்மணி ஒருவர் அறையொன்றை அளித்தார். அங்கிருந்தபடி அவர் கண்டவை வேறு எவரும் அரசவைக்குச் சொல்லாதவை. இறந்தவர் பெயரிலும், பிறந்து சில நாளே ஆன குழந்தையின் பெயரிலும் படைவரி கேட்டனர் தண்டலர். வரிக்கு ஈடாக மாட்டை ஓட்டிச்சென்றனர். உலகின் நல்ல நெல் விளையும் ஊரில் உழவர் புல்லரிசி தேடி அலைந்தனர். ஊராள்வோர் செய்ய வேண்டுவனவற்றை வகுத்து 1818இல் ‘மோக்மின் சிம்சொ’ என்னும் நூலை அவர் எழுதினார். தலைப்பிலுள்ள ‘சிம்’ என்பதற்கு நெஞ்சம் என்று பொருள். கருத்தைச் செயற்படுத்தும் பதவி தமக்கு இல்லாமையால் நெஞ்சளவில் எழுதிய நூல் என அவரே அதற்கு விளக்கம் தந்தார்.

தெரிந்து தெளிவோம்

பான்சொரி: பாடகர் ஒருவரும் முழவிசைப்பவர் ஒருவரும் மட்டும் பங்கேற்கும் கதைப்பாட்டுக் கலை. ஒரு கதையைப் பாடி முடிக்கப் பல மணிநேரம் ஆகலாம். ஜொல்லா மண்ணில் செழித்த இக்கலையில், சொம்ஜின் ஆற்றுக்குக் கிழக்கே பாடுவது அழுத்தமும் கம்பீரமும் உடையது. மேற்கே பாடுவது நெகிழ்ச்சியும் அணியும் மிக்கது. கோசாங்கைச் சேர்ந்த சின் ஜே-ஹியோ (1812–1884) வாய்மொழியாக வழங்கிய கதைப்பாட்டுகளைத் திருத்தி எழுத்தில் அமைத்தார். ஆடவருக்கே உரியதாக இருந்த இக்கலையைப் பெண்களுக்கும் பயிற்றுவித்தார்.

அணை உடைந்த நாள்

யாக்-யோங் கண்ட கேடுகள் குறையவில்லை. நூலெழுதி முக்கால் நூற்றாண்டு கடந்தபின், ஒரு சிற்றணை நாட்டையே உலுக்கியது.

தோங்ஜின் ஆற்றை ஒட்டிய கோபு வட்டத்துக்கு 1892இல் ஜோ பியொங்-காப் என்பவர் ஆட்சியராக வந்தார். ஆற்றில் ஏற்கெனவே நல்ல அணை இருந்தது. அதற்குக் கீழே மான்சொக்போ என்னும் புதிய அணையைக் கூலியின்றி உழவரைக் கொண்டே கட்டுவித்தார். அவ்வாண்டு நீர்வரி இல்லை என்றார். அறுவடை முடிந்ததும் நெல்லாக நீர்வரி தண்டினார். தொல்லாண்டுகளாக அவர்கள் பாய்ச்சிவந்த அதே ஆற்றின் நீருக்குத்தான் அந்த வரி. தம் தந்தைக்கு நினைவுக்கூடம் எழுப்பவும் மக்களிடம் பணம் பெற்றார். முறையிடச் சென்றோர் அடித்துத் துரத்தப்பட்டனர்.

ஜொன் போங்-ஜுன் என்னும் சிற்றூர் ஆசிரியர் அங்கிருந்தார். குள்ளமான உருவம் காரணமாக அவருக்குப் ‘பாசிப்பயறு’ என்று பட்டப்பெயர். 1860இல் தோன்றிய தோங்ஹாக் என்னும் சமயநெறி, மனிதருக்குள் வானம் உறைகிறது என்றும், ஆதலின் எல்லாரும் ஒருநிகர் என்றும் கற்பித்தது. அந்நெறியினரும் உழவரும் 1893ஆம் ஆண்டின் இறுதியில் கூடி ஓர் அறிக்கை எழுதினர். கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, அதைச் சுற்றித் தங்கள் பெயர்களை எழுதினர். வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எனவே தலைவர் யாரென்று அரசு கண்டறிய இயலாது.

1894ஆம் ஆண்டு பிப்ரவரியில் உழவர் திரண்டு ஆட்சியர் அலுவலகத்தைக் கைப்பற்றினர். ஆட்சியர் தப்பியோடினார். களஞ்சியத்தைத் திறந்து நெல்லைப் பகிர்ந்தனர். மான்சொக்போ அணையை உடைத்தனர். விசாரிக்க வந்த அதிகாரி, நீதி வழங்குவதற்கு மாறாக ஊர்களைச் சூறையாடவே, ஓர் ஊரின் குறை மாகாணம் முழுவதன் கிளர்ச்சியாயிற்று. மே 11ஆம் நாள் ஹ்வாங்தோ மேட்டில் அரசுப்படை தோற்றது. அம்மாத இறுதியில் ஜொன்ஜு நகரம் உழவர் கைக்கு வந்தது. அரசமரபின் முன்னோர் பிறந்த ஊர் அது என்பதால் அரண்மனை நடுங்கியது.

அரசு செய்த தவறு இங்குதான். தன் மக்களுடன் பேசுவதற்கு முன் சீனத்திடம் படையுதவி கேட்டது. சீனப்படை வந்ததும், அழையாமலே ஜப்பானியப் படையும் வந்து இறங்கியது. அயல்நாட்டுப் படைகளுக்குக் காரணம் இருத்தலாகாது எனக் கருதி, உழவர் அரசுடன் உடன்பாடு செய்துகொண்டு ஜொன்ஜுவை விட்டு வெளியேறினர். ஜொல்லாவின் ஊர்களில் அவர்களே அமைத்த நிர்வாக மன்றங்கள் முறைகேடுகளைக் களைந்தன. அடிமை ஆவணங்களை எரித்தல், இளங்கைம்பெண்களின் மறுமணத்தை ஏற்றல் ஆகியவையும் அவர்களின் கோரிக்கைகளில் இருந்ததாகப் பின்னாளில் எழுதப்பட்ட தோங்ஹாக் வரலாற்று நூல் ஒன்று கூறுகிறது.

வந்த படைகள் திரும்பவில்லை. ஜப்பானியர் அரண்மனையைக் கைப்பற்றினர். சீன-ஜப்பானியப் போர் கொரிய மண்ணில் மூண்டது. அறுவடை முடிந்தபின் உழவர் மீண்டும் எழுந்தனர். இம்முறை அயலாரை வெளியேற்றுவதே நோக்கம். ஆண்டின் இறுதியில் கோங்ஜு நகரை அடுத்த உகும்சி கணவாயில், மூங்கில் ஈட்டியும் பழைய துப்பாக்கியும் ஏந்திய ஆயிரக்கணக்கானோர் ஜப்பானியரின் புதிய துப்பாக்கிகளுக்கு முன் மாண்டனர். ஜொன் போங்-ஜுன் காட்டிக்கொடுக்கப்பட்டு 1895இல் தூக்கிலிடப்பட்டார். கால்கள் காயமுற்றதால் சுமந்து செல்லப்படும் நிலையில் எடுக்கப்பட்ட அவருடைய நிழற்படம் ஒன்று உள்ளது. அதில் அவர் கண்கள் படமெடுப்பவரை நேராக நோக்குகின்றன. ‘கொள்ளையர்’ என்று நெடுங்காலம் ஏடுகளில் குறிக்கப்பட்ட அம்மக்களின் பெருமையை நாடு காலந்தாழ்த்தியே ஏற்றது. ஹ்வாங்தோ வெற்றி நாளான மே 11, 2019இல்தான் தேசிய நினைவு நாளாயிற்று.

துறைமுகத்தில் குவிந்த அரிசி

மோக்போ துறைமுகம் 1897இலும் குன்சான் துறைமுகம் 1899இலும் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டன. 1910இல் நாடு ஜப்பானின் குடியேற்றமாயிற்று. சமவெளியின் வயல்கள் படிப்படியாக ஜப்பானியப் பெருநிலக்கிழார் கைக்குச் சென்றன. ஜொல்லாவின் நெல் குன்சானில் அரைக்கப்பட்டுக் கப்பலேறியது. ஓதம் ஏறி இறங்கும் அத்துறையில் எந்நேரமும் அரிசி ஏற்றுவதற்காகவே, நீருடன் உயர்ந்து தாழும் மிதவைத் துறைகள் கட்டப்பட்டன. அவை இன்றும் அங்கு உள்ளன. பியொக்கொல்ஜேயின் பழைய கரையும் தப்பவில்லை. 1925இல் அதன் நெடுகிலும் பாசனக் கால்வாய் வெட்டப்பட்டது. நெல் விளைவித்த குத்தகை உழவரோ மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையை உண்டனர். குன்சானின் அரிசிச் சூதாட்டச் சந்தையில் சிதைந்த குடும்பங்களைச் சே மான்-சிக் என்னும் அவ்வட்டார எழுத்தாளர் தம் ‘தக்ரியு’ புதினத்தில் காட்டினார். கலங்கிய நீரோட்டம் என்பது அத்தலைப்பின் பொருள்.

1929ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று நாஜு தொடர்வண்டி நிலையத்தில் கொரிய மாணவியரை ஜப்பானிய மாணவர்கள் இழிவுபடுத்தினர். நவம்பர் 3ஆம் நாள் குவாங்ஜுவின் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கினர். போராட்டம் நாடெங்கும் பரவியது. அதில் பங்கேற்றோர் பெரும்பாலும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் வயதினரே. அந்நாள் இன்று தென்கொரியாவில் மாணவர் நாள்.

சோற்றுருண்டை

விடுதலைக்குப் பின்னர், 1960களில் தென்கொரியா தொழில்வளர்ச்சி கண்டது. பெருந்தொழிற்சாலைகள் பல, அன்றைய குடியரசுத் தலைவரின் சொந்த மாகாணமான தென்கிழக்கில் எழுந்தன. ஜொல்லா வயல்களோடு நின்றது. அதன் இளைஞர் சியோலுக்கு வேலை தேடிச் சென்றனர். வானொலி, தொலைக்காட்சி நாடகங்களில் வேலைக்காரரும் போக்கிரிகளும் ஜொல்லா வட்டார வழக்கைப் பேசினர். எட்டாம் அறிவுரை வேறு வடிவில் தொடர்ந்தது எனலாம்.

1980ஆம் ஆண்டு மே 17 அன்று படைத்தலைவர்கள் படையாட்சியை நாடு முழுவதும் விரிவாக்கினர். ஜொல்லாவின் ஹாவுய் தீவில் பிறந்த எதிர்க்கட்சித் தலைவர் கிம் தே-ஜுங் கைதுசெய்யப்பட்டார். மறுநாள் குவாங்ஜுவின் பல்கலைக்கழக வாயிலில் கூடிய மாணவரை வான்குடைப் படையினர் தாக்கினர். தடுக்க வந்த பொதுமக்களும் தாக்கப்பட்டனர். மே 21 அன்று மாகாண அலுவலகத்தின் முன் கூடியிருந்தோர்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. மக்கள் ஆயுதம் ஏந்தினர். படை நகரைவிட்டு விலகிச் சுற்றிவளைத்தது. மே 27 விடியலில் படை மீண்டும் நுழையும்வரை நகரை மக்களே நடத்தினர். மருத்துவமனை வாயில்களில் குருதிக்கொடைக்கு வரிசை நின்றது. சந்தைப் பெண்கள் தெருவில் பெரிய பானைகளை வைத்துச் சோறாக்கி, உப்பிட்டு உருண்டை பிடித்து, யாரென்று கேளாமல் வருவோர்க்கெல்லாம் கொடுத்தனர். இறுதி விடியலில் மாகாண அலுவலகத்தில் தங்கியோருள் உயர்நிலைப்பள்ளி மாணவரும் இருந்தனர்.

கிம் தே-ஜுங்குக்கு அவ்வாண்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டது. 1998இல் அவர் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். 2000இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். குவாங்ஜு நிகழ்வின் ஆவணங்கள் 2011இல் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. 1970இல் குவாங்ஜுவில் பிறந்த ஹான் காங், மாண்ட சிறுவன் ஒருவனை மையமாக வைத்து 2014இல் ஒரு புதினம் எழுதினார். 2024ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

மான்சொக்போ அணை இருந்த இடத்தில் இன்று நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. அதைச் சூழ்ந்து நெல்வயல்கள். குவாங்ஜுவிலோ மே மாதம்தோறும் நினைவு நிகழ்வுகள் நடைபெறும் வீதியில் பெண்கள் மீண்டும் சோறாக்குகின்றனர். உப்பிட்டுப் பிடித்த உருண்டையை, 1980இல் பிறந்திராத மாணவர்களும் வரிசையில் நின்று வாங்கி உண்கின்றனர்.